ஆமத்தூரில் ஒட்டிய பனி

விடிகாலையில் விருதுநகர் பேருந்து நிலையத்தில் என்னை இறக்கிவிட்ட நடத்துநர், பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "காதை மூடிக்கோங்கம்மா, பனி சாஸ்தி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் நாள் காலையில்தான் ஊட்டியில் என் வீட்டு வாசல் குழாயில் தண்ணீர் உறைந்து போயிருந்தது. அதன்மேல் வெந்நீர் ஊற்றி இளக்கி, பல் தேய்த்துக் கிளம்பியவள் நான். என்னிடம் இவர் பனியைப் பற்றிப் பேசுகிறார்.

ஆனால் நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் அவர் பக்கம்தான். பேப்பர் கட்டைப் பிரிப்பவர், இட்லிப் பானையைத் திறப்பவர், மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் தலையில் துண்டைச் சுற்றிக் காதை மறைத்திருந்தார்கள். ஒருவர் பெண்பிள்ளையின் ரிப்பனால் துண்டை மோவாயோடு சேர்த்துக் கட்டியிருந்தார். நான் ஊட்டியில் போட்டிருந்த கம்பளிச் சட்டையை மதுரையிலேயே கழற்றி இடுப்பில் கட்டியிருந்தேன். கழுத்தில் மட்டும் ஒரு கம்பளித் துண்டு கிடந்தது. மேலே விளக்குக் கம்பத்தைப் பார்த்தேன். வெளிச்சத்தைச் சுற்றி ஈரம் புகையாக இறங்கிக்கொண்டிருந்தது. கார்த்திகை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

ஊட்டியிலிருந்து கோவை எண்பத்தாறு கிலோமீட்டர், கோவையிலிருந்து மதுரை இருநூற்றுப் பதினைந்து, அங்கிருந்து விருதுநகர் ஏறக்குறைய ஐம்பது. இத்தனை தூரமும் நான் லொடலொடப் பேருந்துகளில் முதுகு நோக வந்தது வாழ்த்து அட்டை வாங்க. ஊட்டியில் எனக்கு ஒரு சிறிய கடை உண்டு. வர்க்கி, தைல எண்ணெய், சாவிக்கொத்து, வாழ்த்து அட்டை எல்லாம் விற்பேன். கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பப் பழகிவிட்ட ஜனங்கள் மற்ற இடங்களில் அட்டை வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் ஊட்டிக்கு வருகிறவர்கள் இன்னும் வாங்குகிறார்கள், அதுவும் பனி மூடிய வீடு, பனி மூடிய மரம், மேலே ஜிகினா மினுங்க வேண்டும். ஊட்டியில் அப்படிப்பட்ட பனி கிடையாது. எங்களுக்கு விடிகாலையில் புல்மேல் உறைபனி படியும், எட்டு மணி வெயிலுக்குக் கரைந்து போகும். "பனி எங்கே சார் இருக்கு?" என்று பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து கேட்பவர்களுக்கு நான் அட்டையைத்தான் காட்டுவேன். கோவை மொத்த வியாபாரி என்னை இரண்டு வருஷமாக மொட்டையடித்ததால், அச்சடிக்கும் இடத்துக்கே போய்விடுவது என்று கிளம்பிவிட்டேன்.

டீக்கடையில் கருப்பட்டிக் காபி மூன்று ரூபாய். கண்ணாடி டம்ளர் முழுக்கச் சுடச்சுடக் கொடுத்தார்கள், ஆவியில் சுக்கு மணத்தது. முதல் வாய் குடித்ததும் அடுக்கடுக்காகத் தும்மினேன்.

"பாத்தீகளா, பனி புடிச்சிருச்சு" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"அவுகளுக்கு வத்தல் நெடிய்யா" என்றார் கடைக்காரர். "மண்டியில லோடு எறக்குறாக. புது ஆளுக அம்புட்டுப் பேரும் தும்மத்தான் செய்வாக."

தெருவின் அந்தப் பக்கத்தில் மிளகாய் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் தலையிலும் துண்டுதான். எனக்குப் பனியும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டேன்.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசி இருபத்தேழு கிலோமீட்டர். கட்டணம் எட்டு ரூபாய். வழியெல்லாம் கரிசல், சீமைக்கருவேலம், எட்ட எட்டத் தள்ளி ஒற்றை அறைக் கட்டடங்கள். அவைதான் வெடிகளுக்கு மருந்து செலுத்தும் அறைகள் என்று பக்கத்து இருக்கைப் பெண் சொன்னாள். தீபாவளிக்குப் பிறகு பூட்டிக் கிடந்தவை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்திருக்கின்றனவாம். தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. பட்டாசு செய்யும் இடம் பயராபீஸ், தீப்பெட்டி செய்யும் இடம் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் பேச்சு. "எங்க வீட்டுல அஞ்சு பேரும் ஆபீசுக்குப் போறோம்" என்று அவள் சொன்னபோது கொஞ்ச நேரம் நான் வேறு எதையோ கற்பனை செய்துகொண்டிருந்தேன்.

சிவகாசியில் நான் தேடிப் போன அச்சகத்தின் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, மேசைமேல் மூன்று தொலைபேசி. உட்காரச் சொல்லி, காளிமார்க் சோடா வாங்கி வரச் சொல்லி, மாதிரி அட்டைகள் செருகிய தடித்த ஆல்பத்தைத் தள்ளி வைத்தார். புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் பனி. உள்ளே விளக்கெரியும் மரவீடுகள், வெள்ளையாய் வளைந்த மரங்கள், சறுக்கு வண்டிகள். வெளியே கார்த்திகை வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் எந்த ஊர் அண்ணாச்சி?"

"யாரு கண்டா? சி.டி.யில வருது, போடுதோம்."

எனக்குப் பிடித்தது ஒன்றுதான். சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண், பனி மூடிய பாதையில் நாயோடு நிற்கிறாள். வீட்டுக் கூரை, வேலி, நாயின் முதுகு, அவள் தலைமுடி எங்கும் வெள்ளை. வெள்ளை இருக்கும் இடத்திலெல்லாம் கையால் பசை தடவி ஜிகினாத் தூள் ஒட்டியிருந்தது. அந்த ஜிகினா வேலை ஆமத்தூரில் வீடுகளில் நடப்பதாக அண்ணாச்சி சொன்னார். பெண்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர், பனி ஒட்டுவது.

கையிருப்பில் இருந்த அட்டைகளுக்கு நான் ஆர்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அட்டைக் கட்டுகளை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வரும் ஏஜெண்டு தங்கராசு உள்ளே வந்து தயங்கி நின்றார். நாற்பது வயது இருக்கும், ஒல்லி. கையில் அதே அட்டை. அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏலே, இது என்ன கூத்து? பிள்ளை தலை மொட்டையா நிக்குது!"

அட்டை என் கைக்கு வந்தது. கூரையில் பனி, வேலியில் பனி, நாய்மேல்கூடப் பனி. அந்தப் பெண்ணின் தலையில் மட்டும் ஒரு பொட்டு ஜிகினா இல்லை. கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. தலையைச் சுற்றிக் கோடு போட்டதுபோல அத்தனை சுத்தமாக விட்டிருந்தது. ஒரு வீட்டுக்காரி செய்த ஆறு கட்டும் இப்படித்தான் என்றார் தங்கராசு. அவள் பெயர் செல்லத்தாய். டெல்லிப் பார்ட்டியின் ஆர்டர், மறுநாள் பகல் லாரியில் லோடு போக வேண்டும்.

"இந்த ஆறு கட்டை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். அந்த வேலைச் சுத்தம் எனக்குப் பிடித்துவிட்டது.

அண்ணாச்சி அட்டையைத் திறந்து காட்டினார். உள்ளே டெல்லிக் கம்பெனியின் பெயரும் முகவரியும் அச்சாகியிருந்தன. "இதை ஊட்டியில யாருக்கும்மா விப்பீக? நல்லா மனசு வச்சிக் கேக்கீக. ஆனா பார்ட்டி என்னைய விடமாட்டானே." தங்கராசு பக்கம் திரும்பினார். "இன்னைக்கே தலையில பனி ஒட்டி, நாளைக்குக் காலையில கட்டு வந்து சேரணும். இல்லாட்டி அந்த வீட்டுக்கு இனிமே வேலை கெடையாது. சொல்லிப்புட்டேன்."

அந்த ஒரு அட்டையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, பையில் போட்டுக்கொண்டேன். தலையை மட்டும் விட்டுவைத்த அந்தச் செல்லத்தாயைப் பார்க்காமல் போவதில்லை என்று தோன்றிவிட்டது. ஆமத்தூர் நான் விருதுநகருக்குத் திரும்பும் வழிதானே. தங்கராசு கட்டுகளோடு மொபெட்டில் முன்னால் போனார், நான் பேருந்தில் போய் இறங்கினேன்.

தெருவில் என் தலை தெரிந்ததும் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மாயமாகிவிட்டார்கள். இரண்டு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இடுப்பில் கட்டியிருந்த கம்பளிச் சட்டையும் தோள்பையும் போதாதா? குழந்தைத் தொழிலாளர் இருக்கிறார்களா என்று பார்க்க வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள்.

"ஆபீசரம்மா இல்ல, ஊட்டிக்காரவுக, யாவாரி!" என்று தங்கராசு கத்தினார். கதவுகள் திறந்தன, பிள்ளைகள் வந்தார்கள், எனக்கு ஒரு முக்காலியும் வந்தது.

செல்லத்தாய்க்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஒற்றை அறை வீடு, மேலே தகரக் கூரை. வாசலில் கயிற்றுக் கட்டில்மேல் அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் மடியில் மூன்று வயதுப் பெண் ராசாத்தி. பிற்பகல் மூன்று மணி வெயிலிலும் பிள்ளை தலையில் துணி கட்டியிருந்தது. அருகில் உட்கார்ந்ததும் பிள்ளையின் மூச்சிலிருந்து மெல்லிய விசில் சத்தம் எனக்குக் கேட்டது.

தங்கராசு கட்டுகளை இறக்கி வைத்தார். "ஏத்தா, பிள்ளை தலையில ஏன் பனி ஒட்டாம விட்ட? மாதிரியில இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுண்ணே. தூளு தெரியாம சிந்திருச்சுன்னு நெனச்சேன்" என்றாள் அவள். "நாய் முதுகுல இருந்தது சரி, நாயி வெளியதான படுக்கும். பச்சப்பிள்ள தலையில யாராச்சும் பனியக் கொட்டுவாகளா? தப்பா விளுந்திருக்குன்னு, ஒவ்வொண்ணுலயும் தலையில படாம தொடச்சுத் தொடச்சுல்ல ஒட்டினேன். ஒரு நாள் வேலை ரெண்டு நாள் இளுத்துச்சு."

தங்கராசு தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு மாரியம்மாள், "நாங்க மாதிரிப்படி போட்டுட்டோம். போடையில எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன். இது நம்முடைய பனி இல்லை, வெளிநாட்டுப் பனி, ஐஸ் போல இருக்கும், பஞ்சு போல விழும், தட்டினால் உதிர்ந்துவிடும் என்றேன்.

"ஐசா?" செல்லத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப இன்னும் மோசம்ல. நீங்க பாத்திருக்கீகளாக்கா?"

"இல்லை."

"அண்ணாச்சி?"

"அவரும் பார்த்ததில்லை."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தங்கராசும் சிரித்தார். அப்புறம், நாளைக் காலை ஆறு மணிக்கு வந்து கட்டுகளை எடுத்துக்கொள்வதாகவும், அண்ணாச்சி சொன்னதை மறந்துவிட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சிரிப்பு நின்றது.

வேலை போய்விட்டால் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"பயராபீசு பஸ்சுல ஏறணும். வேற என்ன இருக்கு?" என்றாள். அவள் புருஷன் விருதுநகர் மண்டியில் மூட்டை தூக்குகிறவர், வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். பிள்ளை பிறந்து இரண்டு வருஷம் அவள் பயராபீஸ் போய்க்கொண்டிருந்தாள். பஸ் விடியுமுன் வந்துவிடும். ஊரின் மறுகோடியில் இருக்கும் நாத்தனார் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு ஓட வேண்டும். "அந்தப் பனியிலதான் தூக்கிட்டுப் போவேன். எம்புட்டுப் பொத்தினாலும் எறங்கிருது. ரெண்டாவது கார்த்திகையில இளுப்பு வந்துருச்சு. பெரியாசுபத்திரி டாக்டரம்மா, பிள்ளைய விடியக்காலம் வெளிய கொண்டாரவே கூடாதுன்னுட்டாக. அதுக்குத்தான் நின்னுட்டு, இந்தப் பனி ஒட்டுற வேலைக்கு வந்தேன்."

அவள் சொல்லிவிட்டு எழுந்தாள். ராசாத்தியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே படுக்க வைத்தாள். திரும்பி வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் முதல் அட்டையைக் கையில் எடுத்தாள். விரலில் பசை தொட்டு அந்தச் சிவப்புக் கோட்டுப் பெண்ணின் தலையில் தடவி, ஒரு சிட்டிகைத் தூளைத் தூவினாள். தட்டினாள். தலை மினுங்கியது. அவள் அதைச் சரியாகப் பார்க்காமலே கட்டிலில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

மாரியம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். நானும் கழுத்துத் துண்டை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் முதல் பத்து அட்டைகளில் ஜிகினா பெண்ணின் மூக்கிலெல்லாம் ஏறியது. "அக்கா, அதுக்குச் சளி புடிச்சுரும்" என்று மாரியம்மாள் கிண்டல் செய்தாள். நடுவில் ஒரு வீட்டிலிருந்து சுக்குத் தண்ணீர் வந்தது, கருப்பட்டியைத் தனியே கடித்துக்கொள்ளக் கொடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வெயில் இறங்கியதும் வினை ஆரம்பித்தது. பசை காயவில்லை. பகலில் கண்மூடித் திறப்பதற்குள் காயும் பசை, சூரியன் கருவேலங்காட்டில் விழுந்ததும் விரலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. செல்லத்தாய் அடிக்கடி ஒரு அட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

எனக்கு எங்கள் ஊர் யோசனை வந்தது. ஊட்டியில் இந்த நேரத்துக்கு எல்லா வீட்டிலும் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கணப்பு மூட்டிவிடுவோம். கை காய, துணி காய, ஊர்க்கதை பேச எல்லாம் அதைச் சுற்றித்தான். "ஒரு சட்டியில் கரி போட்டு நடுவில் வையுங்களேன், எல்லாம் காய்ந்துவிடும்" என்றேன்.

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாரியம்மாள் தன் வீட்டுப் பக்கம் மோவாயைக் காட்டினாள். "எங்க வீட்டுல திரி கெடக்குக்கா. நாளைக்குக் கொண்டுபோவாக." திரி என்பது வெடியில் வைக்கும் மருந்துத் திரி. அதை வெட்டிக் கொடுக்கும் வேலை அவளுக்கு. வீட்டில் வைக்கக் கூடாதுதான், வைக்கிறார்கள். அதனால் அந்தத் தெருவில் வாசலில் தீ மூட்ட மாட்டார்கள், குளிர் காய மாட்டார்கள், கார்த்திகைக்குக் கொளுத்தும் சொக்கப்பனைகூட ஊருக்கு வெளியேதான். சோறு பொங்கும் அடுப்பையும் பின்புறம் மண் சுவருக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். அதன் பக்கம் வைத்துப் பார்த்த ஒரு அட்டை அப்பளமாகச் சுருண்டது.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அட்டைகளை உள்ளே கொண்டுபோய்ப் பாய்மேல், பெட்டிமேல், அரிசிச் சாக்குமேல் என்று பரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் கழுத்துத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "வித்துட்டு வாங்கக்கா" என்றாள் செல்லத்தாய். வியாபாரிக்கு இங்கே விடை கொடுப்பது அப்படித்தான்.

விருதுநகரில் தங்கும் அறை நூற்றிருபது ரூபாய். ஊர்ப் பெருமையான எண்ணெய்ப் பரோட்டா ஒன்று நாலு ரூபாய். எண்ணெயில் பொரித்து, மொறுமொறுவென்று பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றித் தந்தார்கள். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடு அதுதான், பாதியில் வைத்துவிட்டேன். அறையில் போர்வை கேட்டபோது கனமாக ஒன்று வந்தது. அந்தக் குளிருக்கு அது தேவையே இல்லை. ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. அந்த ஊருக்கு வந்து முதல்முறையாக அப்போதுதான் பனி என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சிவகாசிக்குப் போய் என் அட்டைகளைச் சரிபார்த்து லாரியில் ஏற்ற வேண்டும். பகலில் போனால் போதும். மனசு கேட்காமல் முதல் பேருந்திலேயே ஏறி ஆமத்தூரில் இறங்கினேன். சாலை தெரியவில்லை. எதிரே நின்ற வேப்பமரத்திலிருந்து மழைபோலச் சொட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் இருபது பெண்களாவது தலையில் துண்டோடும் கையில் தூக்குவாளியோடும் நின்றார்கள்.

தங்கராசு மொபெட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தார். இருக்கைமேல் அந்த ஆறு கட்டு. என்னைப் பார்த்ததும் ஒரு கட்டை அவிழ்த்து, மேலிருந்த அட்டையைப் பிரித்தார். கீழ் அட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பலமாக இழுத்ததும் பெண்ணின் முகம் பாதியாகப் பிய்ந்து, மற்ற அட்டையின் முதுகில் போய் ஒட்டியது. ஜிகினா கரைந்து சாம்பல் நிறத்தில் கோட்டுமேல் வழிந்திருந்தது.

"தகரம் வேர்த்துருச்சு" என்றார். "கூரை பூராம் சொட்டுப் போட்டிருக்கு. நான் என்ன செய்யட்டும்? எனக்கும்தான் வசவு."

செல்லத்தாய் தெருமுனையிலிருந்து வந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, இடுப்பில் ராசாத்தி. பிள்ளையை ஒரு சேலைத் துணியால் கழுத்து வரை சுற்றியிருந்தாள், தலையில் ஒரு துண்டு. அவளுக்குப் பின்னால் நாத்தனார். பிள்ளையை வாங்கிக்கொண்டு போக அவளே பேருந்து நிறுத்தம் வரை வந்திருந்தாள். பிள்ளையின் விசில் சத்தம் இந்தமுறை நான்கு அடி தள்ளியிருக்கும்போதே கேட்டது.

"பயராபீசுல ஆளு எடுக்காகளாம்" என்றாள் என்னிடம், நான் கேட்காமலே. "வீட்டுல ஒரு பாலித்தீன் தாளுதான் இருந்துச்சுக்கா. கூரை சொட்ட ஆரம்பிச்சதும், அட்டை மேல போடவா, பிள்ளை மேல போடவான்னு நின்னேன். பிள்ளை மேல போட்டுட்டேன்." பிள்ளையை இடுப்பில் மேலே ஏற்றிக்கொண்டு, "அட்டை மேல போட்டிருந்தா இன்னைக்குப் பிள்ளை வீட்டுல தூங்கிக்கிட்டு இருக்கும்" என்றாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தை அண்ணாச்சிமேல் இறக்குவதா, டெல்லிக்காரன்மேல் இறக்குவதா, பனி கேட்டு என் கடைக்கு வருகிறவர்கள்மேல் இறக்குவதா என்று தெரியவில்லை. கழுத்திலிருந்த கம்பளித் துண்டை எடுத்து ராசாத்தியின் தலையில், அந்தத் துண்டின்மேலேயே இறுக்கிச் சுற்றிவிட்டேன். பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்தது.

அப்போது கம்பெனி பஸ் வந்தது. அதன் முன்விளக்கு வெளிச்சம் பிள்ளையின் தலையில் விழுந்ததும் கம்பளி முழுக்க மினுமினுவென்று மினுங்கியது. முதல் நாள் என் மடியில் கிடந்த துண்டு அது, நான் உதறியும் தூள் போகவில்லை. அட்டையில் இருந்த பெண்ணைப் போலவே தலை நிறையப் பனியோடு இருந்தது பிள்ளை.

செல்லத்தாய் அதைப் பார்த்தாள். தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு, உள்ளங்கையால் பிள்ளையின் தலையைத் தட்டித் தட்டி உதிர்த்தாள். பஸ் ஆரன் அடித்தது. இன்னும் இரண்டு இடத்தில் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, பிள்ளையை நாத்தனார் கையில் கொடுத்தாள். வாளியை எடுத்துக்கொண்டு ஏறினாள். பஸ் ஆனைக்குட்டம் பக்கம் திரும்பிய பிறகும் பிள்ளை அழுதுகொண்டிருந்தது, அழுகைக்கு நடுவில் அந்த விசில் சத்தம்.

சிவகாசியில் என் அட்டைகளைச் சரிபார்த்தேன், எல்லாப் பெண்களின் தலையிலும் ஜிகினா இருந்தது. லாரியில் ஏற்றிவிட்டு அன்றே கிளம்பிவிட்டேன். அண்ணாச்சி நல்லபடியாக வழியனுப்பினார், அடுத்த வருஷமும் வரச் சொன்னார்.

ஊட்டியில் மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் கடை திறந்திருந்தேன். பையில் தங்கிவிட்ட அந்த ஒற்றை அட்டையைக் கல்லா மேசைமேல் சாய்த்து வைத்திருந்தேன். கணப்பில் கை காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே எங்கிருந்தோ சுற்றுலா வந்த ஒரு அம்மா, மூன்று வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அது விற்பனைக்கு இல்லை என்று நான் சொல்லுமுன் அந்த அட்டையை எடுத்துவிட்டார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல குழந்தை தலையில பனியே இல்லையே" என்றார். "வேற இருக்கா?"

கேட்டுக்கொண்டே, மகள் கழற்றப் பார்த்த கம்பளித் தொப்பியை இரண்டு கையாலும் இழுத்துக் காதுக்குக் கீழே இறக்கினார். "கழட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது, பனி தலையில இறங்கும்" என்று அதட்டினார்.

நான் இன்னொரு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதில் தலை நன்றாக மினுங்கியது. எட்டு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.